"ஹெர்-2 வரட்டும்" என்றார்கள்: காத்திருந்தவர்கள் எழுதுங்கள்

அப்பாவுக்கு உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் கட்டி. அடினோகார்சினோமா, அதாவது சுரப்பி அணுக்களில் வரும் புற்றுநோய்; கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோ எப்போது என்று கேட்டால் டாக்டர், "ஹெர்-2 வரட்டும்" என்றார். புற்றணுக்களை வளரத் தூண்டும் புரதம் அது; கட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று 0 முதல் 3+ வரை மதிப்பிடுவார்களாம். வந்தது: 2+. 3+ என்றால் உண்டு, 0, 1+ என்றால் இல்லை. 2+ என்றால் அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். ஃபிஷ் சோதனையில் அந்த ஜீன் பெருகியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டுமாம். அதற்கு பயாப்ஸியில் மிச்சம் போதவில்லை. மறுபடி எண்டோஸ்கோபி. இந்தத் தடவை எட்டுத் துண்டு எடுத்தார்கள். ஒரே கட்டியில் ஒரு மூலையில் ஹெர்-2 இருக்கும், பக்கத்திலேயே இருக்காதாம். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா தண்ணீரையே மடக்கு மடக்காக, நெஞ்சைத் தடவித் தடவி இறக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

பத்தாம் நாள் பாசிட்டிவ். கீமோவோடு, ஹெர்-2-வைக் குறிவைக்கும் டிரஸ்டுசுமாப் மருந்தையும் சேர்க்கிறார்கள். இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் எக்கோ எடுத்தாயிற்று. இந்த மருந்துக்கு வழி திறந்த 2010 ஆய்வில் இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 13.8 ஆனது என்று படித்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவுதானா? "ஹெர்-2 வலுவாக இருந்தவர்களை மட்டும் பார்த்தால் 16 மாதம். அதிலும் பாதிப் பேர் அதைத் தாண்டியவர்கள்" என்றார் டாக்டர். திங்கட்கிழமை ஆரம்பம்.

பதில்

தம்பி, கீமோவில் 5-எஃப்யூவோ கேப்சிடபைனோ இருக்கிறதா? இருந்தால் திங்கட்கிழமைக்கு முன் டிபிஒய்டி என்ற ஜீன் சோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள். என் வீட்டுக்காரருக்குப் பார்க்கவில்லை. கீமோ மருந்து பம்ப் கழற்றிய மூன்றாம் நாள் வாயெல்லாம் புண். உதட்டில் ஒட்டிய துணியை எடுத்தால் தோலும் கூடவே வந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, வெள்ளையணு அடியோடு இறங்கிப் பதினொரு நாள் ஐசியூ. அதற்கப்புறம்தான் சோதித்தார்கள். 5-எஃப்யூவில் 80 சதவீதத்துக்கு மேல் கரைப்பது டிபிடி என்ற என்சைம். அதை உண்டாக்கும் டிபிஒய்டி ஜீனில் இவருக்குப் பிறவியிலேயே ஒரு பிரதி பழுது. எல்லோருக்கும் சரியான அளவு இவருக்கு விஷமாகிவிட்டது. அடுத்த சைக்கிள் பாதி டோஸ், தாங்கிக்கொண்டார். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2020-லேயே முன்கூட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டது. இது கட்டியில் பார்ப்பதில்லை, வெறும் ரத்தம்தான். ஒன்று: வழக்கமாகத் தேடும் நான்கு ஜீன் மாற்றங்களும் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் கண்டவை. நெகட்டிவ் வந்தாலும் முதல் வாரம் வாயையும் வயிற்றையும் கவனியுங்கள்.

பதில்

எனக்கு ஸ்குவாமஸ், உணவுக்குழாயின் உட்பூச்சில் உள்ள தட்டை அணுக்களில் வரும் வகை. நானும் ஹெர்-2, ஹெர்-2 என்று டாக்டரை நச்சரித்தேன். "உங்கள் வகைக்கு அது வழக்கமில்லை, பிடி-எல்1 பார்ப்போம்" என்றார். நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கிவைக்கும் புரதமாம் அது. அதன் அளவைச் சொல்லும் சிபிஎஸ் மதிப்பெண் 10-க்கு மேல் வந்ததால் கீமோவோடு, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து. ஆறாவது டோஸில் தைராய்டு படுத்துவிட்டது, தினமும் மாத்திரை. சாப்பாடு இறங்குகிறது. முதலில் எந்த வகை என்று ரிப்போர்ட்டில் பாருங்கள், பிறகு மற்றவர் கதையைப் படியுங்கள்.

தொடங்கியவர்

அக்கா, கேட்டேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை, அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வரும்வரை திங்கட்கிழமை தள்ளிப்போகிறது. "இன்னும் எத்தனை ரிப்போர்ட்டுடா?" என்கிறார் அப்பா.