பேஸ் கிடார் வாசிப்பவரும் சோலோ (தனி வாசிப்பு) எடுக்க வேண்டுமா?

நாலுதந்தி: பேண்டில் கிடாருக்கும் கீபோர்டுக்கும் எப்போதும் சோலோ உண்டு. இப்போது பேஸ் வாசிக்கும் எனக்கும் 16 பார் (தாளச் சுற்று) தருகிறோம் என்கிறார்கள். ஆசைதான், ஆனால் நான் உயர்ந்த சுரங்கள் வரும் மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போனதும் பாட்டே காலியான மாதிரி கேட்கிறது. எடுக்கவா, விடவா?

தாளக்காரன்: தாராளமாக எடுங்கள். டிரம்மராகச் சொல்கிறேன், அடியில் தாங்க ஆள் இல்லாததால்தான் காலியாகத் தெரிகிறது. கீபோர்டுக்காரர் இடது கையில் மூல சுரத்தைப் பிடித்துக்கொண்டு, டிரம்ஸ் ஹை-ஹாட்டோடு (ஜோடித் தட்டு) அடங்கி, கிடார் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டால் (அதுதான் கஷ்டம்) உங்கள் சத்தம் தெளிவாக வெளியே வரும்.

கரகர: 16 பார் ரொம்ப நீளம். 1965-இல் வந்த 'மை ஜெனரேஷன்' பாட்டில் 'தி ஹூ' குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் வாசித்ததைக் கேளுங்கள், சின்னச் சின்ன துண்டுகள்தான், ஆனால் இன்றும் பேசுகிறார்கள். இன்னொன்று, பேஸின் மிகத் தாழ்ந்த இ தந்தி, விரல் வைக்காமல் மீட்டினால், சுமார் 41 ஹெர்ட்ஸ், அங்கே வேகமாக ஓடினால் வெறும் உறுமல்தான் மிஞ்சும். ஆம்பில் (ஒலிபெருக்கி) மிட், அதாவது நடு அலைவரிசையை ஏற்றுங்கள், உயர்ந்த டி, ஜி தந்திகளில் பாடுகிற மாதிரி வாசியுங்கள்.

மெதுவாக: எனக்கு இதில் உடன்பாடில்லை. முறை வைத்து எல்லாருக்கும் சோலோ பங்கு போடுவதே அபத்தம். பாட்டுக்குத் தேவைப்பட்டால் மட்டும் எடுங்கள்.

நாலுதந்தி: சரி, ஒரே பாட்டில் 4 பார், கீபோர்டு அடியில். அப்புறம் கிடார்க்காரரிடம் யார் சொல்வது?