மூத்திரப்பை வழியா வயிற்றழுத்தம்: ராத்திரி 24, காலையில 15. எதை நம்பி சார்ட் எழுத?

கேள்வி (மார்த்தாண்டம், ஐசியு நர்ஸ்): கடுமையான கணைய அழற்சி, வென்டிலேட்டர்ல இருக்கார். வயிறு நல்லா உப்பி இறுகியிருக்கு. சராசரி பிபி 72. மூத்திரம் மணிக்கு 20 மில்லி. ராத்திரி ஐவி செட்டை ஸ்கேலோட நிமிர்த்திப் பிடிச்சு எடுத்தது 24. காலையில டிரான்ஸ்டியூசர்ல (அழுத்தத்தை மானிட்டருக்கு அனுப்பற கருவி) 15. அதுக்குள்ள இவ்வளவு இறங்குமா சார்?

பதில் (நாகர்கோவில், மயக்கவியல் டாக்டர்): இறங்கினதா இப்பவே எடுத்துக்காதீங்க சிஸ்டர். ஸ்கேல்ல பாக்கறது செ.மீ. தண்ணீர், மானிட்டர்ல வர்றது மி.மீ. பாதரசம். 24ஐ 1.36ஆல வகுத்தா 17.6தான். மிச்சம் ரெண்டரை எங்கேருந்து வந்தது? கட்டில் தலைப்பக்கம் எவ்வளவு உயரம், அளக்கறதுக்கு மூத்திரப்பைக்குள்ள விட்ட சலைன் எத்தனை மில்லி?

கேட்டவர்: ராத்திரி 30 டிகிரி, 50 மில்லி. காலையில தட்டையா, 25 மில்லி.

டாக்டர்: ராத்திரி வச்ச 30 டிகிரி, 50 மில்லி ரெண்டுமே ரீடிங்கை ஏத்தும். தலை உயர்ந்தா வயித்துக்குள்ள அழுத்தம் கூடும். 25 மில்லிக்கு மேல விட்டா மூத்திரப்பைச் சுவரோட இறுக்கமும் கணக்குல சேரும். தட்டையா படுக்க வச்சு, இடுப்பெலும்பு மேல்விளிம்பு மட்டத்துல அக்குள் நடுக்கோட்டுல ஜீரோ பண்ணுங்க. அந்த இடத்துல மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சா எல்லா ஷிப்டும் ஒரே இடத்துல பிடிக்கும். சலைனை விட்டு 30 முதல் 60 வினாடி பொறுத்து, மூச்சு வெளியே போய் முடியற இடத்துல படிங்க. இருமும்போதோ முக்கும்போதோ வர்ற எண் எதுக்கும் ஆகாது.

பதில் (தக்கலை, ஐசியு சிஸ்டர்): யூரின் பேக் டியூபை சாம்பிள் போர்ட்டுக்குக் கீழே கிளாம்ப் பண்ணியிருக்கணும், மேலே இல்ல. லைன்ல குமிழி இருந்தா மானிட்டர்ல வர்ற அலை மொட்டையாயிடும். அடிவயித்தை லேசா அமுக்கிப் பாருங்க: அலை ஏறி, கையெடுத்ததும் இறங்கணும், மூச்சோடயும் ஆடணும். அசையலைன்னா ஃபோலி (மூத்திரக் குழாய்) மடங்கியிருக்கும், இல்ல அடைச்சிருக்கும். முடிஞ்சதும் கிளாம்பை எடுத்துடுங்க. முக்கியமா, உள்ள விட்ட சலைனை மூத்திரக் கணக்குல கழிங்க. மணிக்கு 20 மில்லி போறவருக்கு 50ஐக் கழிக்காம விட்டா, சிறுநீரகம் நின்னுபோனதே சார்ட்டுல தெரியாது.

டாக்டர்: சரியா சொன்னீங்க, ராத்திரி சார்ட்டை முதல்ல அதுக்காகவே பாருங்க. மி.மீ. பாதரசத்துல 12 தொட்டாலே வயிற்றழுத்தம் கூடுதல்தான். 15ஐ சராசரி பிபி 72ல கழிச்சா 57, வயித்து உறுப்புகளுக்கு ரத்தத்தைத் தள்ளற அழுத்தம் அதுதான். 60க்குக் கீழே நிக்கறது எனக்குப் பிடிக்கல. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியா வயித்துக்குப் போற குழாய்) வழியா காத்தை இறக்குங்க, செடேஷனும் (மயக்க மருந்து) ஃப்ளூயிட் பேலன்ஸும் (உள்ள போற, வெளிய வர்ற திரவக் கணக்கு) பாருங்க. 4 மணிக்கொரு தடவை ஒரே முறையில அளங்க. 20க்கு மேலயே நின்னு புதுசா ஒரு உறுப்பும் கெட்டா அது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (வயித்து அழுத்தத்தால உறுப்புகள் செயலிழக்கற நிலை), சர்ஜனை உடனே கூப்பிடணும். நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பறதா இருந்தா போன்ல வெறும் 24னு சொல்லாதீங்க; யூனிட்டையும் படுத்திருந்த நிலையையும் சேர்த்துச் சொல்லுங்க.