புதுப்பிப்பு: ஈஸ்ட் ஹாம் வீட்டு டெபாசிட் வந்துவிட்டது

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீட்டைக் காலி செய்த பிறகும் ஓனர் 1,500 பவுண்டு டெபாசிட்டைத் தரவில்லை, சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்குக் கழிப்பேன் என்கிறார் என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா?

நீங்கள் சொன்னபடி வாடகை டெபாசிட்டை ஓனர் பதிவு செய்ய வேண்டிய, அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களிலும் தேடினேன். ஒன்றிலும் என் டெபாசிட் இல்லை. இங்கிலாந்தில் பணம் வாங்கிய 30 நாளுக்குள் ஓனர் அதை இவற்றில் ஒன்றில் பாதுகாக்க வேண்டும். தவறினால் 2004 வீட்டுவசதிச் சட்டம் 214-ஆம் பிரிவின்படி, டெபாசிட்டைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்குவரை அபராதத்தை நமக்கே தரும்படி நீதிமன்றம் உத்தரவிடும். இதை எழுதி, 14 நாள் கெடு வைத்து மெயில் அனுப்பினேன்.

அதுவரை போனையே எடுக்காதவர், மறுநாள் காலை ஏழு மணிக்கே "தம்பி, பேசித் தீர்த்துக்கலாமே" என்றார். ஆணி ஓட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை! முழு டெபாசிட்டும், மேலே இன்னொரு 1,500-ம் வெள்ளிக்கிழமை கணக்கில் ஏறின. வழக்குப் போட்டிருந்தால் இன்னும் கிடைத்திருக்கலாம். சரி, அலைய எனக்கு நேரமில்லை.