நாடாளுமன்ற வாக்கும் பினாங்குக் கடலும்: வேட்பாளரிடம் எதைக் கேட்பது?

கேள்வி (சுங்கை ஆரா, பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் 15ஆவது நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19ஆம் நாள் முதன்முறையாகக் கூடியதால், இடையில் கலைக்கப்படாவிட்டால் அதன் ஐந்தாண்டுக் காலம் 2027 டிசம்பரில் முடிகிறது. அடுத்து வரும் பொதுத் தேர்தலில் என் மகள் முதல் முறையாக வாக்களிப்பாள். வாக்களிக்கும் வயது 18 ஆனதும், பெயர் தானாகவே பதிவாவதும் 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்துவிட்டதால், அவளுக்குப் பதிவுத் தொல்லை எதுவும் இல்லை. யாருக்கு வாக்களிப்பது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. கடலைப் பற்றித் தெளிவாகப் பேசும் வேட்பாளருக்கே தன் வாக்கு என்று அவள் சொல்கிறாள். விலைவாசி, தமிழ்ப்பள்ளி, வேலைவாய்ப்பு எல்லாவற்றுக்கும் பிறகுதான் கடல் என்று நான் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு எனக்கே மனம் உறுத்தியது. சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் என் தந்தையார் எங்களைத் தெலுக் கும்பார் கரைக்கு அழைத்துச் செல்வார். படகு கரை சேரும் நேரம் பார்த்துக் காத்திருந்து, வலையிலிருந்து அப்போதுதான் பிரித்தெடுத்த மீனை வாங்கி வருவோம். இன்று பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கம் நின்று பார்த்தால், படகுகள் போய்வந்த நீர்ப்பரப்பில் மணல் மேடு எழுந்து நிற்கிறது. அந்தக் கடலை நான் எப்படிக் கடைசி வரிசையில் வைத்தேன் என்று தெரியவில்லை.

ஆகவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன். நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடலின் மீது உண்மையிலேயே அதிகாரம் உண்டா, இல்லை இது முழுக்க மாநில அரசின் காரியமா? எல்லா வேட்பாளர்களும் கடலைக் காப்போம் என்று ஒரே குரலில் சொல்லும்போது, மனத்தில் இருப்பதைச் சொல்பவரை எப்படிக் கண்டுகொள்வது?

மறுமொழி 1 (பாலிக் பூலாவ்)

ஐயா, அதிகாரம் இரண்டாகப் பிரிந்து கிடப்பதால்தான் இந்தக் குழப்பம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், கடல் மீன்பிடிப்பு கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கடலாமையும் ஆற்று மீன்பிடிப்பும்கூட மாநிலத்துக்கே உரியவை. எனவே பினாங்கு தேசியப் பூங்காவின் கெராச்சுட் கடற்கரையில் முட்டையிட ஏறி வரும் பச்சை ஆமைக்கு மாநிலம் பொறுப்பு. அந்த ஆமை மீண்டும் நீரில் இறங்கியதும், அதன் வழியில் குறுக்கிடும் இழுவலைப் படகுக்கு உரிமம் கொடுப்பது கூட்டரசின் மீன்வளத் துறை. எல்லா வகைக் கடலாமைகளின் முட்டை விற்பனையையும் திரெங்கானு 2022இல் தடை செய்ய முடிந்தது, அம்மாநிலம் தன் சட்டத்தைத் தானே திருத்திக்கொண்டதால்தான். ரந்தாவ் அபாங் கரைக்கு ஏழுவரி ஆமைகள் ஆயிரக்கணக்கில் வந்த காலம் அதற்கு வெகு முன்பே முடிந்துபோயிருந்தது என்பதை எண்ணினால் இன்னமும் மனம் கனக்கிறது.

கடலைத் தூர்த்து நிலமாக்குவதில் இரண்டு அரசுகளின் கையும் உண்டு. 2012ஆம் ஆண்டின் கடல் எல்லைச் சட்டப்படி மாநிலத்தின் கடற்பரப்பு 3 கடல் மைல் மட்டுமே. அதற்குள் மாநிலம் திட்டம் தீட்டலாம். ஆனால் பிரதமர் தலைமையில் இயங்கும் தேசிய நில அமைப்புத் திட்ட மன்றத்தின் ஆலோசனையைப் பெற வேண்டும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குக் கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை ஒப்புதல் அளிக்க வேண்டும். நீங்கள் பார்த்த மணல் மேடே இதற்குச் சான்று. அது பினாங்கின் தெற்குக் கரைத் திட்டம். தொடக்கத்தில் அதில் மூன்று செயற்கைத் தீவுகள், ஏறத்தாழ 4,500 ஏக்கர். 2019இல் கிடைத்த ஒப்புதலை, மீனவர்கள் செய்த முறையீட்டின் பேரில், 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் நீக்கியது. 2023 ஏப்ரலில் 71 நிபந்தனைகளுடன் புதிய ஒப்புதல் வந்தது. அடுத்த மாதமே, பிரதமர் மாநில அரசுடன் பேசிய பிறகு, மூன்று தீவுகள் ஒன்றாக, 2,300 ஏக்கராகக் குறைந்தன. அந்தக் குறைப்பில் புத்ராஜெயாவின், அதாவது கூட்டரசின், பங்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பினாங்குச் சட்டமன்றத் தேர்தல் 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள் தனியாக நடந்ததால், இரண்டு தேர்தல்களின் காலக்கணக்கும் இப்போது வேறு வேறு. ஆமையைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் கேட்க வேண்டியதைச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்கலாம். மீன்பிடி உரிமம், தாக்க மதிப்பீடு, கடல் பூங்கா ஆகியவற்றைப் பற்றி நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டும். பவளப்பாறைகள் உள்ள பூலாவ் பாயார் போன்ற கடல் பூங்காக்கள் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின்கீழ்தான் வருகின்றன.

மறுமொழி 2 (பட்டர்வொர்த்)

அண்ணா, நான் சந்தையில் மீன் விற்பவள். என் கணவர் வீட்டில் மூன்று தலைமுறையாக இதே தொழில். கடல் பாதுகாப்பு என்றதும் பலரும் ஆமையையும் பவளப்பாறையையும் நினைக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது புக்காட் துண்டா. சிறு படகுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய கரையோர வலயத்துக்குள் அந்த இழுவலைப் படகுகள் நுழைந்து, கடலடியைச் சுரண்டி, விரல் நீளம்கூட வளராத மீன் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அவை சந்தைக்கு வருவதில்லை. ஈக்கான் பாஜா என்ற பெயரில் கூடை கூடையாகத் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகின்றன. ஓராண்டு வளர விட்டிருந்தால் என் தட்டில் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனாகக் கிடந்திருக்க வேண்டியவை அந்தக் கூடைகளில் இருப்பதை விடியற்காலையில் இறங்குதுறையில் பார்க்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு வயிறு எரிகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. ரோந்துப் படகும் ஆளும் போதாமையே குறை, அவற்றுக்குப் பணம் ஒதுக்குவது நாடாளுமன்றத்தின் வரவு செலவுத் திட்டம். டீசல் மானியமும் அப்படியே. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் விலை உயர்ந்தபோதும் மீனவர்களுக்குப் பழைய சலுகை விலை தொடர்ந்தது. அது சிறு படகுக்காரரின் அடுப்பை எரிய வைத்தது, உண்மை. ஆனால் வலயத்தை மீறும் இழுவலைப் படகுக்கும் அதே மானியம் தொடரலாமா என்று ஒரு வேட்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். மழுப்பாமல் பதில் சொன்னால் அவர் இந்த விஷயத்தை யோசித்தவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீனவரை விட்டுவிட்டுக் கடலை மட்டும் காக்க நினைப்பவர்களை நான் நம்பமாட்டேன். இந்த மாநிலத்தில் அலையாத்திக் கன்றுகளைப் பல ஆண்டுகளாகச் சேற்றில் இறங்கி நட்டு வருபவர்கள் கரையோர மீனவர்களே. இறாலும் நண்டும் குஞ்சாக வளரும் இடம் அந்த வேர்க்கால்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மறுமொழி 3 (கோலாலம்பூர்)

தங்கை சொன்ன வரவு செலவுத் திட்டத்திலிருந்தே தொடர்கிறேன், ஏனென்றால் கடல் தூர்க்கப்படுவதற்கு அடிப்படைக் காரணமும் பணம்தான். வருமான வரி முழுவதும் கூட்டரசுக்குப் போகிறது. மாநிலங்களுக்கு எஞ்சுவது பெரும்பாலும் நிலமும், காடும், கனிமமும் தரும் வருவாய். பெரிய காடோ கனிமமோ இல்லாத பினாங்கு போன்ற சிறிய மாநிலம், விற்பதற்கு நிலம் தேடும்போது கடலைத்தான் பார்க்கும். தெற்குக் கரைத் திட்டத்துக்குத் தொடக்கத்தில் சொல்லப்பட்ட காரணமே, போக்குவரத்துப் பெருந்திட்டத்துக்கான செலவை அந்த நிலத்தை விற்று ஈடுகட்டலாம் என்பதுதான். பிறகு 2024 மார்ச்சில் எல்.ஆர்.டி. எனும் இலகு ரயில் திட்டத்தைக் கூட்டரசே ஏற்றுக்கொண்டது. அந்த முடிவு பத்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் அந்த நீர்ப்பரப்பு என்னவாகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எனவே, மாநிலத்துக்கான வருவாய்ப் பங்கீட்டைப் பற்றிப் பேசாமல் கடலைக் காப்பேன் என்று மட்டும் சொல்லும் நாடாளுமன்ற வேட்பாளர், விளைவைப் பேசுகிறாரே ஒழியக் காரணத்தைத் தொடவில்லை என்பது என் கருத்து.

ஒரு மறுப்பையும் பதிவு செய்கிறேன். 222 பேர் கொண்ட மக்களவையில் தனி உறுப்பினர் ஒருவர் கட்சிக் கொறடாவை மீறி வாக்களிப்பது அரிது. ஆகவே நல்லவரைப் பார்த்து வாக்களித்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அவருடைய கூட்டணியின் கொள்கை அறிக்கையையும் படியுங்கள். ஆனால் கேள்வி கேட்கும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு, அதைத் தடுக்க எந்தக் கொறடாவும் வருவதில்லை. மீண்டும் போட்டியிடுபவராக இருந்தால், நாடாளுமன்ற இணையத்தளத்தில் உள்ள ஹன்சார்ட் எனும் அவை உரைப் பதிவுகளில் அவர் பெயரையும், மலாய்மொழியில் பெஞு (கடலாமை), புக்காட் துண்டா (இழுவலை), தம்பாக் லாவுட் (கடலைத் தூர்த்தல்) ஆகிய சொற்களையும் தேடிப் பாருங்கள். ஐந்தாண்டுகளில் ஒரு முறைகூடக் கடலைப் பற்றி வாய் திறக்காதவர், பிரசாரத்தின் இரண்டு வாரங்களில் மட்டும் பேசினால் அதன் எடையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி (சுங்கை ஆரா)

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு மகளும் நானும் ஹன்சார்டைத் திறந்து உட்கார்ந்தோம். மலாய் எனக்குச் சற்று மெதுவாகத்தான் ஓடும், அவள் படித்துச் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். விலைவாசிக்குப் பிறகுதான் கடல் என்ற என் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்; கெம்போங் விலையும் விலைவாசிதானே என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மானியத்தைப் பற்றிய கேள்வியையும், மாநில வருவாயைப் பற்றிய கேள்வியையும் எழுத்தில் எடுத்துக்கொண்டு எங்கள் தொகுதியின் சேவை மையத்துக்கு இருவரும் போகப் போகிறோம்.

தங்கச்சி, அதற்கு முன் அந்த ஈக்கான் பாஜா கூடைகளை நேரில் பார்க்க வேண்டும் என்று மகள் சொல்கிறாள். நீங்கள் விடியற்காலையில் எத்தனை மணிக்கு இறங்குதுறைக்குப் போவீர்கள்? தீவிலிருந்து முதல் பெர்ரியைப் பிடித்து வந்தால் நேரத்துக்கு வந்துவிடுவோமா?