கேம் நியூட்டன் கட்டியது 198 சதவீத வரியா?

கணக்குப்பிள்ளை:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் போகிறபோக்கில் அள்ளிவிட்டிருக்கிறார்: "அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டமான 2016 சூப்பர் பவுல் ஆடிய கரோலினா அணி வீரர் கேம் நியூட்டன் கலிஃபோர்னியாவுக்கு 198 சதவீதம் வரி கட்டினார். வீட்டிலேயே படுத்திருந்தால் லாபம்." அதற்கு லைக் வேறு குவிகிறது. கலிஃபோர்னியாவின் உச்ச விகிதமே 13.3 சதவீதம். 198 எங்கிருந்து முளைத்தது?

டல்லாஸ் முனியாண்டி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? தோற்ற அணி வீரருக்கு ஆட்டப் பணம் 51,000 டாலர். கலிஃபோர்னியா வரி ஒரு லட்சத்துக்கு மேல். வகுத்தால் 198. ஜெயித்தால் 99.6, தோற்றால் 198.8 என்று ஆட்டத்துக்கு முன்பே ஒரு வரிக் கணக்காளர் எழுதினார். தோற்றார்கள். அப்புறம் என்ன?

கணக்குப்பிள்ளை:
முன்பே எழுதியது என்று நீங்களே சொல்கிறீர்கள். உத்தேசக் கணக்கு அது. "கட்டினார்" என்று எப்படி எழுதினீர்கள்?

சரி, பாடத்தை முதலிலிருந்து எடுக்கிறேன். வெளிமாநில வீரருக்குக் கலிஃபோர்னியா வரி போடுவது அந்த ஒரு ஆட்டப் பணத்துக்கு இல்லை. ஆண்டுச் சம்பளத்துக்கு. பயிற்சி முகாம், மீட்டிங், ஆட்டம் எல்லாம் சேர்த்து மொத்த டியூட்டி நாள் எத்தனை, அதில் கலிஃபோர்னியாவில் எத்தனை என்று பார்ப்பார்கள். உதாரணத்துக்கு, சம்பளம் 2 கோடி டாலர், டியூட்டி நாள் 200, கலிஃபோர்னியாவில் 10 நாள் என்று வையுங்கள். 10 லட்சம் டாலர் அங்கே சம்பாதித்ததாகக் கணக்கு. வரி சுமார் 1.3 லட்சம். சூப்பர் பவுலுக்காக ஒரு வாரம் கலிஃபோர்னியாவில், ஆட்டம் நடந்த சான்டா கிளாரா பக்கம் தங்கினால் நாள் கூடும், வரியும் கூடும். அந்த முழு வரியையும் தூக்கி 51,000 தலையில் வைத்தால் 198 வரும். வாடகை, பால், பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாவற்றையும் தீபாவளி போனஸால் வகுத்துவிட்டு "போனஸில் முந்நூறு சதவீதம் செலவு" என்று அலறுவது போல.

டல்லாஸ் முனியாண்டி:
அவ்வளவு எழுதியும் 51,000க்குப் பதில் வரவில்லை. அந்த ஆட்டம் கலிஃபோர்னியாவில் நடக்காமல் இருந்திருந்தால் அந்த வரி உண்டா? இல்லை. ஆட்டத்தால் வந்த பணம் 51,000. ஆட்டத்தால் வந்த வரி லட்சம். வகுத்தல் மூன்றாம் வகுப்புப் பாடம்.

ஃப்ரீமான்ட் வள்ளி:
முனியாண்டி அண்ணா, சொந்த மாநிலத்தில் வருமான வரி இருந்தால், வெளியே கட்டியதற்கு அங்கே கிரெடிட் கிடைக்கும். அதையும் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

டல்லாஸ் முனியாண்டி:
எங்கள் டெக்சாஸில் ஸ்டேட் வருமான வரியே கிடையாது. கிரெடிட் எதற்கு?

ஃப்ரீமான்ட் வள்ளி:
அதனால்தான் டல்லாஸ் வீரர் இங்கே கலிஃபோர்னியாவுக்கு வந்து ஆடினால் முழுசாக அழ வேண்டும், கழிக்க எதுவும் இல்லை. வருமான வரி இல்லை, சரி. சொத்து வரி பில் வந்த அன்று நீங்கள் போட்ட ஒப்பாரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டல்லாஸ் முனியாண்டி:
அந்த இழையை இங்கே இழுக்காதே தங்கச்சி. உங்கள் கலிஃபோர்னியாவின் பேஸ்பால் வீரர் ஒட்டானி என்ன செய்தார்? 70 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 68 கோடியை 2034 முதல் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதற்குள் ஜப்பான் போய்விட்டால் கலிஃபோர்னியாவுக்கு நாமம்.

கணக்குப்பிள்ளை:
அதுவும் சட்டப்படிதான். பத்து ஆண்டோ அதற்கு மேலோ சம தவணையாக வரும் ஒத்திவைத்த சம்பளத்தை, வேலை பார்த்த மாநிலம் வெளியூர்வாசியிடம் வசூலிக்க முடியாது. 1996 மத்திய சட்டம். 2024இல் கலிஃபோர்னியாவின் நிதிக் கணக்கு அதிகாரியான கன்ட்ரோலரே இதை மாற்றச் சொல்லிக் காங்கிரஸைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? பேச்சை மாற்ற வேண்டாம். 198க்கு வாருங்கள்.

பழைய புல்ஸ் ரசிகன்:
இதெல்லாம் 1991இல் வந்த வினை. கூடைப்பந்து பைனலில் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் கூட்டம் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸை அடித்த கையோடு கலிஃபோர்னியா வரி கேட்டது. பதிலுக்கு சிகாகோ இருக்கும் இல்லினாய் ஒரு சட்டம் போட்டது: எங்கள் வீரரிடம் வாங்கும் மாநிலத்தின் வீரரிடம் மட்டும் நாங்களும் வாங்குவோம். ஜோர்டானின் பழிவாங்கல் என்றே அதற்குப் பெயர். கிளீவ்லாந்து மாநிலம் இன்னும் மோசம். இண்டியானாபொலிஸ் கால்பந்து வீரர் ஜெஃப் சாட்டர்டே காயம்பட்டு, அணி அங்கே ஆடப் போனபோது சொந்த ஊரிலேயே இருந்தார், அவரிடமும் பிடித்தார்கள்.

டல்லாஸ் முனியாண்டி:
கிளீவ்லாந்து மாநிலமா? சபாஷ்.

பழைய புல்ஸ் ரசிகன்:
நகரம்தான், அப்போது 2 சதவீத நகர வரி. எழுத்தைப் பிடித்துத் தொங்குங்கள். டியூட்டி நாளை விட்டுவிட்டு ஆட்டங்களை மட்டும் எண்ணினார்கள். 2015இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் அந்த முறை செல்லாது என்றது.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா? நான் சொன்ன டியூட்டி நாள் கணக்கைத்தான் நீதிமன்றமும் ஏற்றது.

சேலம் டு சியாட்டில்:
அணியோடு போகும் மசாஜ் ஆளும் சாமான் தூக்குபவரும்கூட இதே மாதிரி பல மாநிலங்களில் ரிட்டர்ன் போட வேண்டியிருக்கிறது. கோடி இல்லாத அவர்களைப் பற்றி யாராவது பேசலாமே?

டல்லாஸ் முனியாண்டி:
அதற்கு அப்புறம் வருவோம். பிள்ளைவாள், 51,000. ஒரு லட்சம். வகுத்தீர்களா இல்லையா?

கணக்குப்பிள்ளை:
ஆண்டுச் சம்பளத்தால் வகுங்கள். போன மாதம் ஹெச்1பி இழையிலும் இப்படித்தான் ஒரு எண்ணைக் கட்டிக்கொண்டு விடிய விடிய அழுதீர்கள்.

டல்லாஸ் முனியாண்டி:
அந்த இழையில் பூட்டுப் போட வைத்தது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போடட்டுமா?

கணக்குப்பிள்ளை:
போடுங்கள். அதோடு 13.3க்கு மேல் ஒரு விகிதம் கலிஃபோர்னியா வருமான வரி அட்டவணையில் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.