சாமி மேடைக் கதவுக்கு முதல் கணினிச் செதுக்கு இயந்திரம்: 6090-ஆ, 1325-ஆ? அவசரம்

மயில்_பட்டறை (திங்கள், இரவு 11.40)
வணக்கம். பட்டறைக்குக் கணினியில் ஓடும் மரச்செதுக்கு இயந்திரம் வாங்கப் போகிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், எண் மேசையின் அளவைச் சொல்கிறது. 6090 ஒன்று, பழையது, ஈப்போவில் ஒருவர் கடையை மூடுகிறார். இன்னொன்று 1325 (1300-க்கு 2500 மி.மீ.), புதியது, கப்பலில் வர வேண்டும். எதை எடுப்பது? வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

எர்த்துக்கம்பி
ஒற்றை முனை மின்சாரமா, மும்முனையா? எர்த்து போட்டிருக்கிறீர்களா?

தூசிதட்டி
என்ன மரம்? என்ன பொருள் செய்கிறீர்கள்? கொட்டகை மூடியதா, திறந்ததா? தூசு உறிஞ்சிக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

பழைய_உளி
மாதம் ஒருவர் இப்படி வருகிறார். செருப்புக் கடை வாசலில் நின்றுகொண்டு, காலைக் காட்டாமல், ஏழாம் எண்ணா ஒன்பதாம் எண்ணா என்று கேட்டால் கடைக்காரன் என்ன சொல்வான்? உளி பிடித்து ஐந்து வருடம் பழகாதவர்கள் இயந்திரம் வாங்கினால் விறகுதான் மிஞ்சும். இதை நான் எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

ஜி_கோடு
அண்ணன், மென்பொருள் என்ன வைத்திருக்கிறீர்கள்? இயந்திரம் வெறும் கைதான். மூளையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

மயில்_பட்டறை (செவ்வாய், காலை 6.15)
மன்னிக்கவும், நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதினேன். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. சாமி மேடைக் கதவுகள் செய்கிறேன். மயில், ஓம், தாமரை. ரப்பர் மரம், சில சமயம் மெராந்தி, கேட்பவர்களுக்குத் தேக்கு. ஒரு கதவு ஒன்றரை அடிக்கு மூன்று அடி. தீபாவளிக்கு ஐந்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகிறேன், இரவு வருகிறேன்.

கோண_மட்டம்
மூன்று அடி என்பது 914 மி.மீ. 6090 என்றால் 600-க்கு 900. பதினான்கு மில்லிமீட்டர் இடிக்கிறது.

சிராய்ப்பவன்
இடிக்காது. கதவின் விளிம்பு வரை யாரும் செதுக்குவதில்லை. சுற்றிலும் இரண்டு அங்குலம் சட்டத்துக்கு விட்டால் மயில் நிற்கும் இடம் ஏறக்குறைய 350-க்கு 810தான். வாங்கும் முன் ஒன்று மட்டும் பாருங்கள்: மேசையின் இரு முனையும் திறந்திருந்தால் பலகை வெளியே நீண்டாலும் கவலை இல்லை. முனையில் தடுப்பு இருந்தால் 914 உள்ளேயே போகாது.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நுனி உருண்ட பிட் (செதுக்கும் முனை) 0.3 மி.மீ. இடைவெளியில் போய் வந்தால் 350 அகலத்துக்குச் சுமார் 1,167 கோடு. ஒரு கோடு 810 மி.மீ. மொத்தம் 945 மீட்டர். நிமிடத்துக்கு 2,500 மி.மீ. வேகத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல், அதுவும் கடைசிச் சுற்றுக்கு மட்டும். முதலில் பெரிய பிட்டால் குடைந்தெடுக்கும் நேரம் தனி. ஒற்றைத் தலை 1325 வாங்கினாலும் இந்த ஆறு மணி நேரம் குறையாது. அது 4-க்கு 8 அடிப் பலகையை முழுதாகப் போட்டு அறுப்பவர்களுக்கு. தவிர, 1325 லோரியில் வந்தால் ஃபோர்க்லிஃப்ட் இல்லாமல் இறக்க முடியாது. உங்கள் சந்து எவ்வளவு அகலம்?

எர்த்துக்கம்பி
பெரிய 1325-களில் காற்றை உறிஞ்சிப் பலகையைப் பிடிக்கும் பம்பும் வரும். அதற்கு மும்முனை கேட்பார்கள். 6090-இல் பெரும்பாலும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், அதாவது பிட்டைச் சுழற்றும் மோட்டார். ஸ்பிண்டிலுக்கு உள்ளே போவது மும்முனைதான், ஆனால் அதை இன்வெர்ட்டர் செய்துகொடுக்கிறது. சுவரிலிருந்து ஒற்றை முனை 230 வோல்ட் போதும். அதற்காக 13 ஆம்பியர் செருகியில் சொருகிவிடாதீர்கள், தனி வயர் இழுங்கள். எர்த்து முக்கியம். எல்லாக் கோளாறுக்கும் அடியில் எர்த்துதான்.

தூசிதட்டி
மரத்தூசு புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. ஆறு மணி நேரம் 0.3 மி.மீ. சுரண்டினால் வருவது சிராய் இல்லை, மாவு. கொட்டகை வீட்டோடு ஒட்டியிருக்கிறது, பிள்ளைகள் இருப்பார்கள். யாராவது இதைப் பேசுங்கள்.

பழைய_உளி
எண்களை அடுக்குகிறீர்கள். மயிலின் கழுத்துக்கு அடியில் இயந்திரம் போகுமா? மேலிருந்து கீழே குத்தத்தான் தெரியும் அதற்கு. சாமி வீட்டுக் கதவை மின்சாரம் செதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிராய்ப்பவன்
கழுத்தடி பற்றிச் சொன்னது உண்மை. மூன்று அச்சு இயந்திரம் உள்வளைவைத் தொடாது. சாமி வீடு என்றதுதான் புரியவில்லை. உங்கள் பட்டறையில் பலகையை இழைப்பது எது, கையா?

பழைய_உளி
இழைப்பது வேறு, உருவம் கொடுப்பது வேறு. சிலைக்குக் கண் திறப்பதை ஸ்தபதிதான் செய்கிறார்.

ஜி_கோடு
ஐயா, கண் திறப்பது கோயிலில் பிரதிஷ்டை செய்யும் சிலைக்கு. கதவில் நிற்கும் மயிலுக்கு யார் கண் திறந்தார்கள்? எங்கள் தோட்டத்துக் கோயிலில் கல் தூண் வைக்க வசதியில்லாமல் சிமெண்டில் அச்சு வார்த்து யாளி வைத்தோம். அம்மன் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை.

பழைய_உளி
அச்சு வார்த்ததைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் எல்லாக் கோயில் யாளிக்கும் ஒரே முகம்.

கோண_மட்டம்
ஒரே முகம் என்பதை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே கேட்டவர் முன்பணம் கட்டலாமா என்றுதான் கேட்டார். தம்பி, ஈப்போவுக்குப் போகும்போது மூலைமட்டத்தையும் நாடாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுப் பலகையில் 300-க்கு 400 மி.மீ. செவ்வகம் ஒன்று வெட்டச் சொல்லுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 500 வர வேண்டும். ஒன்று 501, மற்றது 499 என்றால் ஸ்பிண்டிலைத் தாங்கும் பாலம் கோணியிருக்கிறது. பிறகு ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடினால் விலையைக் குறையுங்கள், நிறைய ஆடினால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மயில்_பட்டறை (செவ்வாய், இரவு 10.05)
சந்தில் கார் நுழையும், லோரி நுழையாது. மின்சாரம் ஒற்றை முனை. கணினியும், செதுக்கு வடிவம் போடும் ஆர்ட்கேம் மென்பொருளும் சேர்த்துத் தருகிறாராம். சனிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லிவிட்டேன், போய்ப் பார்க்கிறேன்.

ஜி_கோடு
ஆர்ட்கேமை ஆட்டோடெஸ்க் 2018-இல் நிறுத்திவிட்டது. உரிமச் சாவி இல்லாத படியாக இருந்தால் அதற்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். கணினி ஒரு நாள் படுத்தால் மறுபடி ஏற்ற முடியாது. இயந்திரத்தை ஓட்டுவது கணினியில் இருக்கும் மாக்3 மென்பொருளா, கையில் பிடிக்கும் டிஎஸ்பி பெட்டியா? ஓடுகிற கணினியின் வட்டை (ஹார்ட் டிஸ்க்) அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

*(பன்னிரண்டு நாள் கழித்து)*

மயில்_பட்டறை
6090 எடுத்துவிட்டேன். மூலைவிட்டம் இரண்டும் 500 வந்தது. வீட்டில் ஸ்பிண்டில் சுற்றத் தொடங்கிய இரண்டாவது நிமிடம் மொத்த வீடும் இருளாகிறது. மூன்று முறை ஆகிவிட்டது. அவசரம்.

எர்த்துக்கம்பி
நான் சொன்னேன். எர்த்து.

கோண_மட்டம்
ஸ்பிண்டிலைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பு கசிகிறதா? ஸ்பிண்டில் ஈரமா?

சிராய்ப்பவன்
பெட்டியில் விழுவது எது? அளவுக்கு மீறிய மின்சாரத்தைப் பார்க்கும் எம்சிபியா, மின்கசிவு பார்க்கும் ஆர்சிசிபியா?

மயில்_பட்டறை
டெஸ்ட் என்று எழுதிய பொத்தான் உள்ளது. தண்ணீர்க் கசிவு இல்லை, துடைத்துப் பார்த்தேன்.

சிராய்ப்பவன்
அப்படியென்றால் ஆர்சிசிபி. இன்வெர்ட்டரின் வடிகட்டி கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜ், துணி இயந்திரம் எல்லாம் கசியவிடுவதோடு இதுவும் சேர்ந்தால் விழத்தான் செய்யும். பெட்டியைத் திறந்து அதைக் கழற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். உரிமம் உள்ள மின் பணியாளரை அழைத்து, முதலில் கசிவை அளக்கச் சொல்லுங்கள். பழுது இல்லை என்றால் இயந்திரத்துக்குத் தனி வயர், இன்வெர்ட்டருக்குப் பொருந்தும் தனி ஆர்சிசிபி.

எர்த்துக்கம்பி
எர்த்துக்குத்தானே போகிறது? பிறகு நான் சொன்னது என்ன?

*(மூன்று வாரம் கழித்து)*

மயில்_பட்டறை
தனி வயர் இழுத்தாகிவிட்டது, இப்போது விழுவதில்லை. இரண்டு வீட்டுக் கதவு முடிந்தது. கழுத்தடியை மாமா உளியால் முடித்துக்கொடுத்தார். அனைவருக்கும் நன்றி.

பழைய_உளி
மாமா என்ன உளி பிடிக்கிறார்? எத்தனை அங்குலம்?

தூசிதட்டி
தூசு உறிஞ்சி வாங்கினீர்களா?

கோண_மட்டம்
கடைசி வரை விலையைச் சொல்லவில்லையே, தம்பி.