கத்தோலிக்கப் பாதர்மார் குருப்பட்டத்தை விட்டுப் போறது கலியாணத்துக்காகவா?

வாவிக்கரை:
ஒரு பாதர் பட்டத்தை விட்டுப் போயிட்டார் எண்டா மட்டக்களப்பில முதல் கேள்வி “பொம்பிள ஆர்?” எண்டுதான். ஊர் வாய் எண்டு ஒதுக்கேலாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 291ஐப் பாருங்க. குருநிலையை இழந்தாலும் மணத்துறவுக் கடமை, அதாவது கலியாணம் கட்டாம இருக்கிற கடமை, தானாப் போகாது, பாப்பரசர் மட்டும்தான் விலக்குத் தரலாம். உரோமைக்கு மனுப் போறதே அதுக்குத்தானே?

கல்முனையான்:
மனுவில எழுதுறது கடைசிப் பக்கம். முன்பக்கங்கள் ஞாயிற்றுக்கிழமையில இருக்கு. சட்டம் 905 சாதாரணமா நாளுக்கு ஒரு பூசைதான் சொல்லுது. தேவை இருந்தா ஞாயிறு, கடன்திருநாளில (கட்டாயம் பூசைக்குப் போகவேண்டிய திருநாள்) மூண்டு வரைக்கும் ஆயர் (பிஷப்) விடலாம். கிளைக்கோயில் உள்ள பங்கில (ஒரு பாதரின் பொறுப்பில இருக்கிற கோயில் வட்டாரம்) அந்த “தேவை” வருசம் முழுக்க. விடிய வெளிக்கிட்டா மோட்டார் சைக்கிளில மூண்டு கோயில், மூண்டு பிரசங்கம். இடையில ஞானஸ்நானம், மையவாடிச் சண்டை, கோயில் கணக்கு. பின்னேரம் கேற்றைப் பூட்டினா பாதர் தங்குற மனைக்குள்ள ஒத்தை ஆள், மத்தியானக் கறி. குருக்கள் ஒண்டா வாழுறதைச் சட்டம் 280 பரிந்துரைக்குது. செய்யிறது ஆர்?

மிஷன்வீடு:
கலியாணம்தான் காரணம் எண்டா, எங்கட மெதடிஸ்த புரட்டஸ்தாந்து சபைப் பக்கம் ஒருத்தரும் ஊழியத்தை விட்டுப் போகக்கூடாதே! 1814இல மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்த காலத்தில இருந்தே எங்கட ஊழியருக்குக் கலியாணத் தடை இல்ல. ஆனா இடமாற்றம் இருக்கு. மனைவி கிழக்கு மாகாணப் பள்ளிக்கூடத்தில ரீச்சர், போதகருக்குக் கொழும்பு. மகள் ஓ எல் சோதனை வகுப்பு. ரெண்டு அடுப்பு எரியும். ஓய்வு பெற்ற அண்டைக்கு, சபை குடுத்த மிஷன் வீட்டுத் திறப்பைத் திருப்பிக் குடுக்கோணும். சொந்தக் காணி வாங்காதவர் ஐம்பதிலயே கணக்குப் பார்க்கத் தொடங்குவார்.

வாவிக்கரை:
அது வேற சங்கதி தம்பி. உங்கட போதகர் விட்டுட்டு வேற வேலை பார்த்தா ஊர் ரெண்டு மாசம் கதைக்கும். எங்கட பக்கம் பட்டம் அழியாது, சட்டம் 290. விலக்குப் பெற்றவரும் சாகக் கிடக்கிறவருக்குப் பாவமன்னிப்புக் குடுக்கலாம், 976. அந்தப் பாரத்தை ஒருத்தன் இறக்கி வைக்கிறான் எண்டா களைப்பு மட்டும் காணாது.

தாண்டவன்வெளி:
விலக்குக் கேக்கிற நடைமுறையைச் சொல்றன். பாப்பரசருக்குத் தன் கையால மனு, வாழ்க்கை வரலாறு, சாட்சியங்கள், ஆயரின் கருத்து. உரோமையின் 1980 விதிமுறைக்குப் பிறகு நாப்பது வயசுக்குக் கீழ லேசில கிடைக்காது. மனுப் போடாமலே ஐந்து வருசத்துக்கு மேல ஒதுங்கி இருந்தா, 2009க்குப் பிறகு ஆயரே வழக்கைத் தொடங்கலாம். விலக்குக் கடிதத்தில நிபந்தனையும் வரும்: பிரசங்கம் வைக்கேலாது, குருமடத்தில படிப்பிக்கேலாது, முந்தின நிலை தெரிஞ்ச இடத்தில இருக்கக்கூடாது. கடைசியை ஆயர் தளர்த்தலாம், ஆனா கல்லாறு தொடக்கம் வாழைச்சேனை வரைக்கும் எந்த ஊர் அவரைத் தெரியாத ஊர்? ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழாவில ஒருக்கா கொடியேத்தினவரை ஆர் மறப்பாங்க?

கல்முனையான்:
அதோட காசு. பங்கில கிடைக்கிறது செலவுக்குப் படிக்காசு, சம்பளம் இல்ல. மெய்யியலும் இறையியலும் படிச்சு, நாப்பத்திரெண்டில வெளிய வந்தா கையில என்ன? அரச பள்ளியில ஆசிரியர் நியமனம் இருந்தவர் தப்பினார். மற்றவர் போக நினைச்சும் போகாம இருக்கிறார். அவரை ஒருத்தரும் எண்ணுறதில்ல.

வாவிக்கரை:
மூண்டு பூசைக் கதையை ஒப்புக்கொள்றன். ஆனா ஒண்டா வாழுறதுக்கு ஆள் எங்க? பங்குக்கு ஒருத்தரே பாடு.

கல்முனையான்:
ஒரு பங்கில மூண்டு பேர் வேணாம். மூண்டு பங்குப் பாதர்மாரும் ஒரு மனையில இருந்து போய் வரட்டும். கல்முனையும் அக்கரைப்பற்றும் அப்படி என்ன தூரம்? இராச்சாப்பாட்டுக்கு ஒரு மேசை, கதைக்க ஆள்.

வாவிக்கரை:
ராவையில அவஸ்தைப்பூசுதலுக்கு (சாகக் கிடக்கிறவருக்கு எண்ணெய் பூசுற சடங்கு) கூப்பிட வந்தா, மனை பூட்டிக் கிடக்குமே?

கல்முனையான்:
போன் இருக்கு அண்ணே.